ஏரி நிறைந்தால் பூநாரைக்கு ஆகாது

கென்யத் தலைநகர் நைரோபியில் அலாரம் வைக்கிற வேலை இல்லை. காலை ஆறு மணி வாக்கில் ஹடாடா கத்திவிடும். அரிவாள்மூக்கன் குடும்பத்துப் பறவை. அதன் கத்தலையே பெயராக வைத்துவிட்டார்கள். மூன்று நான்கு சேர்ந்து அடுக்குமாடிகளுக்கு மேலே பறந்துகொண்டே, குழாயடியில் யாரோ குடத்தை நகர்த்தி வைத்துவிட்டது போலக் கத்தும். ஊரிலிருந்து வந்த முதல் நாள் காலை அம்மா பதறி எழுந்து பால்கனிக்கு ஓடினாள். "யாருடா அது, விடியறதுக்குள்ள சண்டை?" என்றாள்.

அம்மாவுக்குச் சொந்த ஊர் மதுராந்தகம் பக்கம். வேடந்தாங்கல் சைக்கிள் தூரம். நீர்க்காகமும் நத்தைகுத்தி நாரையும் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. அதனால் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு, காசு கொடுத்து, நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் போய்ப் பறவை பார்த்துவிட்டு வருகிற என் பழக்கம் அவளுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. "அது பாட்டுக்கு இருக்கும், நாம பாட்டுக்கு இருப்போம். அதுல பாக்கறதுக்கு என்னடா இருக்கு?" என்பாள். இருந்தாலும் பிப்ரவரியில் என்னோடு ஒன்றரை மாதம் தங்க வந்தபோது, ஏரிகளுக்குப் போகலாமா என்று கேட்டதும் உடனே சரி என்றாள். ஏரி என்ற சொல்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

நான் மூன்று வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன். பறவை பைத்தியம் பிடித்ததும் இங்கேதான். பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். இந்தியாவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு பரப்பளவுள்ள நாடு. 1,100க்கு மேல் பறவை இனங்கள். நைரோபி நகரத்தின் விளிம்பிலேயே 117 சதுர கிலோமீட்டரில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. 1946இல் ஏற்படுத்தியது. அங்கே தீக்கோழி மேயும். அதன் முதுகுக்குப் பின்னால் வானளாவிய கட்டடங்கள் தெரியும். பூங்காவுக்கு உள்ளேகூடப் போக வேண்டாம். மொம்பாசா சாலையில், நியாயோ ஸ்டேடியம் பக்கத்து வேலமரங்களின் உச்சியில் மராபூ நாரைகள் வழுக்கைத் தலையோடு உட்கார்ந்திருக்கும். ஆள் உயரம் இருக்கும் போலத் தோன்றும். கால் வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம், சூட்டைத் தணிக்க அது தன் காலிலேயே எச்சமிட்டுக்கொள்வது. கீழே காரை நிறுத்தியவர்கள் பாவம்.

புதிதாக நைரோபிக்கு வருகிற யாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். புதன்கிழமை காலை தேசிய அருங்காட்சியக வாசலுக்குப் போங்கள். 1909இல் தொடங்கிய கிழக்கு ஆப்பிரிக்க இயற்கை வரலாற்றுச் சங்கம், இன்றைக்கு நேச்சர் கென்யா என்ற பெயரில் இயங்குகிறது. அதன் சார்பில் ஃப்ளூர் ங்வெனோ என்ற அம்மையார் 1971இல் தொடங்கிய புதன்கிழமைப் பறவை நடை இத்தனை வருடமாக நடக்கிறது. எனக்குப் பைனாகுலரைக் கண்ணில் சரியாக வைக்கவே அங்கேதான் சொல்லிக் கொடுத்தார்கள்.

அம்மா முதலில் தேடியது காக்காயை. சோறு வைக்க வேண்டுமே. நைரோபிக் காக்காய்க்குக் கழுத்தும் மார்பும் பளிச்சென்று வெள்ளை. பனியன் போட்ட மாதிரி இருக்கும். "இதுக்கு வெச்சா சேருமா?" என்று யோசித்துவிட்டுப் பால்கனிச் சுவரில் வைத்தாள். நம்மூர்ச் சாம்பல் கழுத்துக் காக்காய் இந்த நாட்டின் கடற்கரையில், மொம்பாசாவிலும் மாலிந்தியிலும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் சான்சிபாரில் குப்பையைத் தின்னட்டும் என்று கொண்டுவந்து விட்டது, அப்படியே கரையோரமாகப் பரவிவிட்டது. உள்ளூர்ப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்க்கிறது என்று, பத்து லட்சம் காக்காயை ஒழிக்கப் போவதாக 2024இல் கென்ய வனவிலங்குத் துறை அறிவித்தது. அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

சரி, ஏரிகளுக்கு வருகிறேன்.

பயண ஏற்பாட்டாளர் ஒருவர் அனுப்பிய விளம்பரத்தில் நகுரு ஏரி முழுக்கப் பூநாரை, அதாவது ஃப்ளமிங்கோ. கரையிலிருந்து அடிவானம் வரை ஒரே ரோஜா நிறம். "கண்டிப்பாகப் பார்க்கலாம், கேரண்டி" என்று போனிலும் சொன்னார். அந்தப் படம் குறைந்தது பதினைந்து வருடப் பழசு என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். பறவை பார்க்கிறவனுக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்டால் பதில் இல்லை. அம்மாவுக்கு அந்தப் படத்தைக் காட்டிவிட்டேன், அதுதான் பிரச்சினை.

நைரோபியிலிருந்து வடமேற்கே ஒரு மணி நேரம் போனதும் தரை திடீரென்று முடிந்துவிடும். கீழே பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு. பூமியின் ஓடு இங்கே மெல்ல விரிந்து இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கிறது. விரிந்த இடம் தாழ்ந்து போனதில் உருவான பள்ளம். அதன் அடியில் கோத்து வைத்தது போல ஏரிகள். நைவாஷா, எலிமென்டைட்டா, நகுரு, பொகோரியா, பரிங்கோ. தெற்கிலிருந்து வடக்காக இதே வரிசையில் போனால் போதும், நான்கைந்து நாளில் முடியும்.

போவதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம் புரிந்திருந்தால் எந்த ஏரியில் எந்தப் பறவை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஏரிகளில் எதிலிருந்தும் கடலுக்கு ஆறு போவதில்லை. நைவாஷாவிலும் பரிங்கோவிலும் தண்ணீர் எரிமலைப் பாறை வெடிப்புகள் வழியாகத் தரைக்குள் கசிந்து வெளியேறிவிடுகிறது. அதனால் அவை நன்னீர் ஏரிகள். மற்ற மூன்றிலும் தண்ணீருக்கு வழி ஆவியாவது ஒன்றுதான். தண்ணீர் போய்விடும், உப்பும், சலவைச் சோடா மாதிரியான காரச் சோடாவும் தங்கிவிடும். நன்னீரில் மீன், மீனைத் தின்னும் பறவைகள். சோடா நீரில் பாசி, பாசியைத் தின்னும் பூநாரை. ஏரியின் கணக்கு இவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன்.

நைவாஷாவில் படகுக்காரர் அம்மாவைப் பார்த்து, "கரீபு, மாமா" என்று கைநீட்டினார். அம்மா என்னைப் பார்த்தாள். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா, வயதில் பெரிய எந்தப் பெண்ணையும் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று விளக்கினேன். "அதுக்காக மாமாவா?" என்று சிரித்தபடியே ஏறினாள். பயணம் முழுக்க மாமா என்ற குரல் கேட்கும்போதெல்லாம் அவள் முதலில் என் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

கரையோரம் பாப்பிரஸ் கோரை அடர்த்தியாக நிற்கிறது. அதற்கு வெளியே தண்ணீரில் கறுப்புக் கோழிகள் நூற்றுக்கணக்கில். நம்மூர் நாமக்கோழியேதான், நெற்றியில் அதே வெள்ளை நாமம். ஆனால் படகு கிட்டே போனதும் அம்மா குனிந்து பார்த்தாள். "நாமம் சரி. மேல குங்குமம் யாருடா வெச்சது?" நாமத்தின் உச்சியில் இரண்டு பக்கமும் செக்கச்செவேலென்று இரண்டு குமிழ். கையேட்டில் இதை ஆயிரம் தடவை படித்திருக்கிறேன்; இனிமேல் எனக்கு அது குங்குமக் கோழிதான்.

நீர்யானைக் கூட்டம் இருக்கிற பக்கம் படகை வெகுதூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். காதும் கண்ணும் மட்டும் வெளியே. "கிபோக்கோ" என்று படகுக்காரர் ஒருமுறை சொன்னார், அதன்பிறகு அந்தப் பக்கம் பேச்சே எடுக்கவில்லை. அவர் சந்தைக்குப் போகிற உற்சாகத்தோடு செய்தது வேறு ஒன்று. ஒரு சின்ன மீனை எடுத்து, வாய்க்குள் கோரைத்தண்டுத் துண்டு ஒன்றைச் செருகினார். மிதப்பதற்காம். கரை மரத்தைப் பார்த்து ஒரு விசில். உச்சிக்கிளையில் வெள்ளைத் தலையும் பழுப்பு உடம்புமாக ஓர் ஆப்பிரிக்க மீன்கழுகு தலையை முதுகுக்குப் பின்னால் சாய்த்து ஒரு கூவல் கூவியது. மீனை வீசினார். கழுகு கிளையை விட்டு இறங்கியதுதான் தெரியும். படகிலிருந்து பத்தடி தூரத்தில் கால் இரண்டும் முன்னால் நீண்டன, தண்ணீரில் ஒரு கீறல், மீனைக் காணோம். சிறகடித்த காற்று முகத்தில் பட்டது. என் படத்தில் வால் மட்டும் விழுந்திருந்தது.

இது சரியா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. காட்டுப் பறவையை விசிலுக்குப் பழக்கியாகிவிட்டது. ஆனால் அன்றைக்கு அந்தப் படகுக்காரரின் வருமானத்தில் பாதி அந்த விசிலிலிருந்துதான் வருகிறது. நான் காசு கொடுத்தேன், ஒரு முறைக்கு மேல் வேண்டாம் என்றும் சொன்னேன். இரண்டும் செய்தேன் என்பதுதான் உண்மை.

திரும்பும் வழியில் அவர் தென்மேற்கு மூலையைக் காட்டி, "அங்கேதான் பூநாரை இருந்தது" என்றார். நன்னீர் ஏரியில் பூநாரையா? ஓலோய்டியன் என்று ஒரு குட்டி ஏரி. முன்பு நைவாஷாவின் ஒரு மூலையாக இருந்தது. 1980களில் தண்ணீர் குறைந்து தனியாகப் பிரிந்தது, ஆண்டுகள் போகப் போகச் சோடா ஏறியது, பாசி வந்தது, பாசியைத் தேடிப் பூநாரையும் வந்தது. அப்புறம் பெரிய ஏரி நிறைந்து மறுபடி அதைச் சேர்த்துக்கொண்டது. பூநாரை போய்விட்டது. இதையெல்லாம் அவர் தன் வீட்டுக் கொல்லைக் கதை போலச் சொன்னார். எனக்கு நகுருவைப் பற்றி லேசாகச் சந்தேகம் தட்டியது அப்போதுதான்.

நகுரு பூங்காவுக்குள் நுழைந்து ஏரியை நோக்கி இறங்கினால் முதலில் கண்ணில் படுவது செத்த மரங்கள். தண்ணீருக்குள், கரையிலிருந்து வெகுதூரம் வரை, சாம்பல் நிறத்தில் மொட்டை மொட்டையாக நிற்கின்றன. உயிரோடு இருக்கும் இனத்தைக் கரை மேட்டில் பார்க்கலாம்: மஞ்சளும் பச்சையுமாகப் பட்டை பளபளக்கும் வேலமரம். முன்காலத்து வெள்ளைக்காரர்கள் இந்த மரத்தடியில் கூடாரம் போட்டுக் காய்ச்சலில் விழுந்தார்கள். ஈரத்தில் வளரும் மரம், ஈரத்தில் கொசு. பழி மரத்தின்மேல் விழுந்து, மஞ்சள் காய்ச்சல் மரம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இந்தியாவிலிருந்து கென்யா வந்து திரும்புகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அம்மா டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொண்டு வந்தவள். "இதுக்குத்தான் அந்த ஊசியா?" என்று மரத்தைத் தட்டிப் பார்த்தாள்.

செத்த மரங்களின் எல்லாக் கிளைகளிலும் நீர்க்காகம். சிறகை விரித்துக் காயவைத்தபடி, கூடு கட்டியபடி, ஒன்றையொன்று தள்ளியபடி. எச்சத்தில் கிளைகள் சுண்ணாம்பு அடித்தது போல இருந்தன. அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இது நம்ம வேடந்தாங்கல்தானேடா!" என்றாள். அப்படித்தான் இருந்தது. தண்ணீருக்குள் மரம், மரம் முழுக்கக் கூடு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே, "ஆனா நம்ம ஊர்ல மரம் உசிரோட இருக்கும். கடம்பு தண்ணிலயே நிக்கும். இது செத்துப்போச்சே" என்றாள்.

ஏன் செத்தது என்று சொன்னேன். 2010க்குப் பிறகு இந்தப் பள்ளத்தாக்கு ஏரிகள் எல்லாமே ஏறத் தொடங்கின. நகுருவில் பூங்காவின் பழைய நுழைவாயிலும் அலுவலகங்களும் தண்ணீருக்குள் போய்விட்டன. நாங்கள் வந்த வாசல் பிறகு இடம் மாற்றி வைத்தது. கென்ய அரசின் 2021ஆம் ஆண்டு அறிக்கை அதிகரித்த மழையை முக்கியக் காரணமாகச் சொல்கிறது. மேட்டுக்காடுகளை அழித்ததில் ஏரிக்குள் வந்து சேரும் மண்ணும் அந்தப் பட்டியலில் உண்டு. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏரி நிறைஞ்சா நல்லதுதானேடா?" என்றாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஏரி நிறைவது கெட்ட செய்தியாக இருக்கக்கூடும் என்பதை எங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் எப்படிச் சொல்வது? ஏரி நிறைந்தால் போகம் உண்டு, கிணறு ஊறும், பறவை வரும். நிறையாத வருடம் வேடந்தாங்கலே வெறிச்சென்று கிடக்கும். இங்கே நேர்மாறு. நகுருவில் தண்ணீர் ஏற ஏறச் சோடா கரைந்து நீர்த்தது. சோடா நீர்த்தால் பாசி தழைக்காது. பாசி இல்லையென்றால் பூநாரைக்கு அங்கே வேலை இல்லை. ஒரு காலத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் கூடிய ஏரி. 1990இல் கென்யாவின் முதல் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவித்ததும் இதைத்தான். அன்றைக்கு நாங்கள் தொலைநோக்கியில் எண்ணியது தூரத்துக் கரையில் ஒரு மெல்லிய ரோஜாக் கோடு. இருநூறு முந்நூறு இருக்கலாம். "போட்டோல காட்டினது இதா?" என்றாள் அம்மா.

ஆனால் ஏரி காலியாக இல்லை. அதைச் சொல்லாவிட்டால் நகுருவுக்குத் துரோகம். கூழைக்கடாக்கள் இருபது முப்பதாக அரைவட்டம் கட்டி, எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தண்ணீருக்குள் முக்கி, ஒரே நேரத்தில் எடுத்தன. பள்ளிக்கூட டிரில் மாதிரி. இந்தக் கூழைக்கடாக்களுக்கு ஒரு கதை உண்டு. நகுருவில் முதலில் மீனே கிடையாது. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் மகாடி சோடா ஏரியிலிருந்து ஒரு சின்னத் திலாப்பியா மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். கொசு என்ன ஆயிற்றோ, மீன் பெருகிற்று. மீனைத் தேடிக் கூழைக்கடா வந்தது. அவை குஞ்சு பொரிப்பது பக்கத்து எலிமென்டைட்டா ஏரியின் பாறைத் தீவுகளில், சாப்பாட்டுக்கு நகுரு. தினம் டவுனுக்குப் போய்வருகிறவர்கள் போல, வெயில் ஏறிக் காற்று சூடானதும் வட்டமடித்து உயர்ந்து மலையைத் தாண்டிவிடும்.

காண்டாமிருகமும் பார்த்தோம். நகுருவில் அது சுலபம், வேலி போட்டு வளர்க்கிறார்கள். எலிமென்டைட்டாவைச் சாலையிலிருந்தே பார்த்ததோடு சரி.

நகுருவிலிருந்து வடக்கே போகும் சாலை மொகோட்டியோ பக்கத்தில் பூமத்திய ரேகையைத் தாண்டுகிறது. பலகை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம், எல்லாரையும் போல. அங்கிருந்து தரை இறங்கிக்கொண்டே போகும். நைரோபி, நகுருவின் குளிர் போய் நம்மூர் வெயில் வந்துவிடும். சாலையோரம் பழைய சாராயப் பாட்டில்களில் தேன் விற்கிறார்கள். பரிங்கோத் தேன் பேர்போனது. அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்து, பேரம் பேசி இரண்டு வாங்கினாள். எந்த மொழியில் பேரம் நடந்தது என்று எனக்குப் புரியவில்லை.

பொகோரியாவில் காரைவிட்டு இறங்கியதும் முதலில் வந்தது வாடை. முட்டை அழுகின மாதிரி லேசாகவும், குளத்துப் பாசி மாதிரி அழுத்தமாகவும். அப்புறம் சத்தம். தூரத்தில் கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கிற இரைச்சல். திருப்பத்தைத் தாண்டினோம். அம்மா என் கையைப் பிடித்தாள்.

எண்ணிக்கை சொல்லப் போவதில்லை, பல ஆயிரம் என்பதோடு விட்டுவிடுகிறேன். கரை நெடுக, நூறடி அகலத்துக்கு, இடைவெளி இல்லாமல். பெரும்பாலும் சிறு பூநாரை, அலகு கருஞ்சிவப்பு. நடுவில் அங்கங்கே உயரமாக, வெளிறிப்போய், கறுத்த நுனியுள்ள ரோஜா நிற அலகோடு நிற்பவை பெரும் பூநாரை. கோடியக்கரைக்கும் பழவேற்காட்டுக்கும் வருகிற அதே இனம். உலகத்துச் சிறு பூநாரைகளில் பெரும்பகுதி இந்தக் கிழக்கு ஆப்பிரிக்கச் சோடா ஏரிகளில்தான் வாழ்கிறது.

பக்கத்தில் நின்ற ஒன்றையே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, வளைந்த அலகின் மேல்பாதி கீழே வருமாறு, நீர்மட்டத்தில் வைக்கிறது. தொண்டை படபடவென்று துடிக்கிறது. உள்ளே நாக்கு அடிபம்பு மாதிரி முன்னும் பின்னும் போய்த் தண்ணீரை இழுத்துத் தள்ளுகிறது. அலகு ஓரத்து மெல்லிய சல்லடை பாசியை நிறுத்திக்கொள்கிறது. அந்தப் பாசி வேறு எதுவும் இல்லை, நம்மூர் மருந்துக் கடையில் மாத்திரையாக விற்கிற ஸ்பைருலினா. ரோஜா நிறமே அதிலிருந்து வருவதுதான். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு விரலைத் தண்ணீரில் நனைத்தாள். பெருவிரலால் தேய்த்துப் பார்த்தாள். "சவுக்காரத் தண்ணி மாதிரி வழவழங்குது. இதுலயா நின்னுட்டிருக்கு?" என்றாள்.

திடீரென்று இரைச்சல் நின்றது. ஒரு நொடிதான். அப்புறம் கரை முழுக்க ஒரே மூச்சில் எழும்பியது. சிறகின் உள்பக்கத்துச் சிவப்பும் கறுப்பும் அலையாகத் திரும்பின. மேலே நைவாஷாவில் பார்த்த அதே மீன்கழுகு. பொகோரியாவில் மீன் கிடையாது. அதனால் இங்கே உள்ள மீன்கழுகு பூநாரையைப் பிடிக்கப் பழகிவிட்டது. அன்றைக்கு எதுவும் சிக்கவில்லை. அம்மா அதை முறைத்துக்கொண்டே இருந்தாள். விசிலுக்கு வந்து மீனை எடுத்துப் போனபோது கைதட்டியவள்தான்.

மேற்குக் கரையில் வெந்நீர் ஊற்றுகள் பீறிடுகின்றன; சிலவற்றைத் தண்ணீர் மூடிவிட்டது, இடம் தெரியாமல் ஏரிக்குள்ளிருந்து ஆவி மட்டும் வருகிறது. பழைய சாலையும் ஏரிக்குள்தான். மிச்சமிருந்த ஊற்று ஒன்றில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிளாஸ்டிக் பையில் முட்டையைக் கட்டி வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கும் ஒன்று கொடுத்தார்கள். உப்புப் போட வேண்டியிருக்கவில்லை.

இங்கே இத்தனை இருந்தும் ஒரு குஞ்சுகூடக் கிடையாது. குஞ்சு பொரிக்க எல்லாம் தான்சானியா எல்லையில் உள்ள நாட்ரான் ஏரிக்குப் போய்விடும். சோடா வெந்து கிடக்கிற சேற்றின் நடுவில் மண்மேடு கட்டி முட்டையிடும். நரியும் கழுதைப்புலியும் அங்கே கால் வைக்க முடியாது. 1954இல் லெஸ்லி பிரவுன் என்ற பறவையியலாளர் அந்தக் கூடுகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நடந்துபோனார். மேலோடு உடைந்து சேற்றில் மாட்டி, கால் முழுக்க வெந்துபோய், வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஏரிவிட்டு ஏரி போகிற பயணத்தைப் பூநாரைகள் இரவில்தான் செய்கின்றன. எப்போது, எந்த ஏரி என்று அவற்றுக்கு அட்டவணை கிடையாது. பாசி எங்கே திரண்டிருக்கிறதோ அங்கே. அதனால் கேரண்டி தருகிற ஆளை நம்பாதீர்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தந்த ஏரியின் வழிகாட்டிக்குப் போன் பண்ணி, "இப்போது எங்கே?" என்று கேளுங்கள். நான் அதைச் செய்திருந்தால் நகுருவில் அம்மாவிடம் அவ்வளவு பேசியிருக்க வேண்டாம்.

பரிங்கோ போய்ச் சேர இருட்டிவிட்டது. மூன்று ராத்திரி தங்குவதாக ஏற்பாடு. வழிகாட்டிப் பையன் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தான்: நாளைக்கு சா கூமி நா ம்பிலி. அதாவது பன்னிரண்டு மணி. எண்கள்வரை எனக்கு சுவாஹிலி வரும். இந்த வெயிலில் பன்னிரண்டு மணிக்கு என்ன பறவை என்று நினைத்தாலும், உள்ளூர்க்காரன் சொல்கிறான் என்று நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. சுவாஹிலிக்காரர்கள் மணியைப் பொழுது விடிவதிலிருந்து எண்ணுகிறார்கள். காலை ஏழுதான் அவர்களுக்கு ஒரு மணி, ஆறு பன்னிரண்டு. நான் லுங்கியோடு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க, அம்மா குளித்து முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "நாழிகை கணக்கு மாதிரி சொல்லியிருக்கான். இது புரியலையா உனக்கு?" என்றாள்.

அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். ஏரி மேட்டுப் புதர்க்காட்டில் எந்த ஆந்தை எந்த மரத்தில் தூங்குகிறது என்று அவனுக்குத் தெரியும். ஆடு மேய்க்கிற சிறுவர்கள் காலையிலேயே சேதி சொல்லிவிடுவார்களாம். ஓரிடத்தில் நின்று, முன்னால் மூன்றடி தூரத்துத் தரையைக் குச்சியால் காட்டினான். எனக்குக் கல்லும் சருகும்தான் தெரிந்தன. பைனாகுலரை எடுத்தேன், அவ்வளவு கிட்டத்தில் அது எதற்கு உதவும்? அம்மாதான் சொன்னாள்: "அந்தச் சருகு மூச்சு விடுது பாரு."

பக்கி. ராத்திரி பூச்சி பிடித்துவிட்டுப் பகலெல்லாம் தரையோடு தரையாகக் கிடக்கிற பறவை. கண்ணைக் கீற்றுப் போல மூடியிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சின்ன ஈரப் பளபளப்பு, அது ஒன்றுதான் உயிர். அப்புறம் ஒரு வேலமரத்தில் ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய ஆந்தையைக் காட்டினான். சாம்பல் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது எங்களைப் பார்த்துச் சோம்பலாகக் கண்ணை மூடியது. இமை அப்பட்டமான ரோஜா நிறம். குழந்தைக்குப் பவுடர் பூசின மாதிரி. நகுருவில் காணாமல் போனது இங்கே வந்து ஒட்டிக்கொண்டதாக்கும் என்று அம்மா சொல்ல, மொழி தெரியாமலே அந்தப் பையனும் சிரித்தான். செம்பாறைச் சரிவின் கீழே இருவாச்சியும், அதற்கு மேலே வட்டமடித்த கருங்கழுகும், தூக்கணாங்குருவிக் குடும்பத்தில் பெயர் சொல்ல முடியாத அளவு வகைகளும் பார்த்தோம். ஒரே காலையில் எழுபத்தெட்டு இனம் எழுதினேன். பரிங்கோவில் மொத்தம் 450க்கு மேல் பதிவாகியிருக்கிறது. ஒரே ஓர் ஏரிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் பரிங்கோவுக்குப் போங்கள் என்பேன். பூநாரை இல்லாவிட்டாலும்.

நாங்கள் தங்கியது ஓர் அம்மாவின் விடுதி. மேட்டில் நான்கே அறைகள். முதல் நாள் டீ கொண்டுவந்தபோது எவ்வளவு சர்க்கரை என்று கேட்டார். "கிடோகோ", கொஞ்சம், என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அம்மா மூன்று நாளும் எல்லாவற்றுக்கும் கிடோகோ என்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மாமா என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். இரண்டாம் நாள் மாலை அவர் அம்மாவைத் தண்ணீர் ஓரம் கூட்டிப்போனார். நாற்பதடி தள்ளி ஏரிக்குள் ஒரு தகரக் கூரை தெரிந்தது. அதன்மேல் ஒரு பெருங்கொக்கு நின்றது. சாம்பலும் செம்பழுப்புமாய், கொக்குகளிலேயே மிகப் பெரியது, நான் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்த பறவை. கேமராவைத் தூக்கினேன். அந்த அம்மா கூரையைக் காட்டி, பழைய சமையலறை, அந்தப் பக்கம் ஆறு அறை, அதற்கும் அப்பால் வாழைத் தோட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 2020இல் வந்த தண்ணீர். நான் மொழிபெயர்த்துக்கொண்டே கேமராவை இறக்கினேன். கொக்கு பாட்டுக்கு மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கரையில் நட்டிருந்த ஒரு கம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பில் சிவப்புப் பெயிண்டில் கோடுகள். சில தண்ணீருக்குள், ஒன்று சரியாக நீர்மட்டத்தில். எங்கள் ஊர் மதகில் கல்லில் வெட்டின கோடு உண்டு. ஐப்பசியில் தாத்தா தினம் காலை அதைப் பார்த்துவிட்டு வந்து, எத்தனை கோடு ஏறியிருக்கிறது என்று தெருவில் சொல்லிக்கொண்டே வருவாராம்.

கிளம்புகிற அன்று காலை நான் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அம்மாவைக் காணோம். கீழே பார்த்தால், புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி கம்புக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கிறாள். விடுதிக்கார அம்மாவும் வாளியோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். அம்மா நிமிர்ந்து, ஆள்காட்டி விரலைக் கிடையாக மடக்கிப் பிடித்து, கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருந்த ஈரத்தில் வைத்துக் காட்டினாள். ஒரு விரல்கடை இறங்கியிருந்தது.

அவர் வாளியை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். தன் விரலையும் வைத்துப் பார்த்தார்.

"கிடோகோ" என்றார்.

"கிடோகோ, மாமா" என்றாள் அம்மா.